டில்லர் கிராங்க் ஷாஃப்ட்ல ஆயில் சீல் ஓடுற இடம் பள்ளம் விழுந்துட்டு: குறைஞ்ச செலவுல சரி பண்ண வழி என்ன?

கன்னடியன்கால் கேட்டது

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பவர் டில்லர்ல இருக்க 13 ஹெச்.பி. ஒத்தை சிலிண்டர் டீசல் இன்ஜின், படுக்கை வாட்டு, தண்ணி கூலிங். ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீல் கசியுது. ஆயில் தெறிச்சு வி பெல்ட் அத்தனையும் நனைஞ்சு போகுது, சேத்துழவுல லோடு ஏறினதும் பெல்ட் வழுக்குது. புது சீல் போட்டும் கொஞ்ச நாள்லயே பழையபடி கசிவு வந்துட்டு.

ஃப்ளைவீலக் கழட்டிப் பாத்தா, சீல் லிப் (ஷாஃப்ட்டத் தொட்டு நிக்க ரப்பர் விளிம்பு) உக்காருற இடத்துல ஷாஃப்ட்டச் சுத்தி ஒரு கோடு ஓடியிருக்கு. நகத்த வச்சு இழுத்தா மாட்டுது. சீல் மேல டிசி 45-62-8னு போட்டிருக்கு, அதாவது உள் விட்டம் 45, வெளி விட்டம் 62, அகலம் 8 மி.மீ.

புது கிராங்க் வாங்க இப்போ வழியில்ல. ஒரு பட்டறையில வெல்டிங் வச்சுக் கடைஞ்சு தாரோம்னு சொல்லுதாங்க. இன்னொருத்தர் எபாக்ஸி மாவ அப்பித் தேச்சாலே போதும்ங்கார். ஐப்பசியில பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாய்ல தண்ணி வந்துட்டுன்னா வண்டிய நிறுத்திப் போட முடியாது. எத நம்பிச் செய்யலாம்?

பேட்டை_கடைசல்

வெல்டிங்க மொதல்ல மனசுல இருந்து எடுத்துருங்க. கிராங்க், நடுத்தரக் கார்பன் உருக்கு. அதுல ஒரு இடத்துல மட்டும் ஆர்க் வச்சா அந்த இடம் கண்ணாடி மாதிரி இறுகி நொறுங்குற தன்மைக்கு வந்துரும், ஷாஃப்ட்டும் வளையும். சீல் ஓடுற இடத்துக்கும் மெயின் ஜர்னலுக்கும் (புஷ்ஷுக்குள்ள சுத்துற பகுதி) நடுவுல இருக்க வளைவுல விரிசல் ஆரம்பிக்கும். வளைஞ்ச கிராங்க நிமித்தி எல்லா ஜர்னலையும் திரும்ப கிரைண்ட் பண்ண ஆகுற செலவு, இப்போ நீங்க தப்பிக்கப் பாக்குற செலவ விடப் பெருசு.

ஷாஃப்ட்டக் கடைஞ்சு தடிமனான புஷ் ஏத்துற யோசனையும் கிராங்குக்கு வேண்டாம். 45ஐ 42 ஆக்கினா, விட்டத்தோட மூணாம் படிக் கணக்குல முறுக்கு தாங்குற பலம் 19 சதவீதம் குறையும். ஒத்தை சிலிண்டர்ல ஒவ்வொரு அடியும் அந்தக் கழுத்து வழியாத்தான் ஃப்ளைவீலுக்குப் போகுது.

உங்களுக்குப் பொருந்துறது ரெண்டே வழி. ஒண்ணு, சீல கொஞ்சம் உள்ளயோ வெளியயோ நகத்தி, லிப் தேயாத இடத்துல உக்காருற மாதிரி வைக்கது. இதுக்குச் செலவு ஒரு சீல் மட்டும். நகத்த இடம் இல்லன்னாத்தான் ரெண்டாவது வழி, தேஞ்ச இடத்து மேல ஏத்துற மெல்லிசான ரெடிமேட் உறை, அதாவது ஸ்லீவ்.

அதுக்கு முன்னால ஒரு கேள்வி இருக்கு. ஷாஃப்ட் தேஞ்சதுனால மட்டும்தான் கசியுதா? ப்ரீதர் (இன்ஜின் கூட்டுக்குள்ள இருக்க காத்து வெளிய போற வழி) அடைச்சிருந்தா கிராங்க் கேஸுக்குள்ள காத்தழுத்தம் ஏறி, எந்தப் புது சீலயும் தாண்டி ஆயில வெளிய தள்ளும். கிராங்கத் தாங்குற மெயின் புஷ் தேஞ்சு ஷாஃப்ட் ஆடினா லிப் கூடவே ஓட முடியாம ஒரு பக்கம் இடைவெளி விடும். இந்த ரெண்டையும் பாக்காம சீல் மேல சீல் மாத்துறது காசுக்குக் கேடு. கீழ உள்ளத அளந்து எழுதுங்க, மிச்சத்தச் சொல்லுதேன்.

ஷாஃப்ட் விட்டம், கோட்டுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் தேயாத இடத்துல, மைக்ரோமீட்டர்ல மூணு திசையில. பள்ளத்தோட ஆழத்துக்கு மைக்ரோமீட்டர் ஆகாது, அதோட முகம் 6 மி.மீ.க்கு மேல அகலம், கோட்டுக்குள்ள எறங்காது. வெர்னியரோட கூர் நுனியால அளந்துக்கிடுங்க.

சீல் உக்காருற குழியோட மொத்த ஆழம், அடியில திண்டு இருக்கா, ஆயில் திரும்புற ஓட்டை எங்க இருக்கு.

டயல் கேஜ வச்சு, ஷாஃப்ட்டக் கட்டையால மேல நெம்பினா எவ்வளவு ஆடுது.

ப்ரீதர் குழாயும் அதுல இருக்க வால்வும் என்ன நிலையில இருக்கு.

திசையன்விளை_தேரி

எங்க பக்கம் தேரி மணல் பறக்க இடத்துல இதே தேய்மானம் ரொம்ப சாதாரணம். மணல்ல இருக்க குவார்ட்ஸ் உருக்க விடக் கடினம். லிப்புக்கு அடியில ஒரு துகள் மாட்டுனா ரப்பர் அதப் பிடிச்சு வச்சுக்கிடும், தேயிறது ஷாஃப்ட்தான். வயல்ல அந்த வேலையச் சேத்துத் தண்ணியில வார வண்டல் செய்யுது.

அதனால டிசி வகை சீலத்தான் வாங்கணும், வெளிப்பக்கம் தூசி லிப் இருக்கும். எஸ்சி வகைக்கு அது கிடையாது, விலை கொஞ்சம் குறையுதுன்னு அதுக்கு மாறிறாதீங்க. ரெண்டு லிப்புக்கும் நடுவுல இருக்க பள்ளத்துல பாதி அளவு கிரீஸ் வச்சுப் போடுங்க. நெறைய அடைச்சா சூட்டுல வெளிய வழிஞ்சு மண்ண இழுக்கும், வைக்காம விட்டா தூசி லிப் காஞ்சு எரியும்.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். சீலுக்குள்ள இருக்க சுருள் ஸ்பிரிங்க வெட்டிச் சுருக்கி மாட்டினா இறுக்கிப் பிடிக்கும்னு சில இடத்துல செய்தாங்க. பிடிக்கும், கொஞ்ச நாளைக்கு. அப்புறம் அந்த அழுத்தத்துல லிப்புக்கு அடியில ஆயில் படலம் நிக்காது, ரப்பர் கருகும், பள்ளம் முன்ன விட வேகமா இறங்கும். போன தடவை போட்ட சீல்ல ஸ்பிரிங்ல கை வச்சிருக்காங்களான்னு பழைய சீல எடுத்துப் பாருங்க.

முக்கூடல்_ஆயில்இன்ஜின்

எபாக்ஸிய ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்னு நினைக்கேன். இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி ரெண்டு பாகமா கிடைக்குது. பள்ளத்த நல்லா தின்னர் போட்டுத் தொடச்சு, நெரப்பி, 24 மணி நேரம் விட்டு 400 நம்பர் எமரியில தேச்சா வழவழன்னு வருது. செலவும் கம்மி.

பேட்டை_கடைசல்

முக்கூடல் அண்ணாச்சி, அசையாத முகத்துக்கு அது சரி. தண்ணி பம்பு மூடி, கேஸ்கெட் உக்காருற இடத்துல அரிப்பு, இதுக்கெல்லாம் நானும் அதத்தான் சொல்லுவேன். சுத்துற லிப்புக்கு அடியில நிக்காது. சீல் ஓடுற முகத்தோட கடினம் ராக்வெல் சி அளவுல 30ஆவது இருக்கணும், மண்ணு படுற இடத்துல 45 வேணும்னு கணக்கு. எபாக்ஸி அதுக்குப் பக்கத்துலயே வராது. 2200 சுத்துல 45 மி.மீ. ஷாஃப்ட்டோட மேற்பரப்பு நொடிக்கு 5 மீட்டருக்கு மேல ஓடுது. லிப் நுனியில ஆயிலோட சூட்ட விட 20, 30 டிகிரி கூடுதலா இருக்கும். எபாக்ஸி இளகி, ஓரம் பெயர்ந்து, அந்தத் துணுக்கே லிப்பக் கிழிக்கும். ஸ்லீவ் போடும்போது அடியில இருக்க ஆழமான பள்ளத்த நெரப்புறதுக்குத்தான் கிராங்குல எபாக்ஸிக்கு வேலை.

கன்னடியன்கால்

அளந்துட்டேன் அண்ணாச்சி.

தேயாத இடம் உள்பக்கம் 44.98, வெளிப்பக்கம் 44.97. மூணு திசையிலயும் வித்தியாசம் 0.01க்குள்ள. கோட்டு அகலம் சுமார் 1.2, அடியில விட்டம் 44.8 காட்டுது. குழி ஆழம் 11.5, சீல் இப்போ வெளி முகத்தோட மட்டமா நிக்குது. அடியில திண்டு இருக்கு, ஆயில் திரும்புற ஓட்டை திண்டுக்குப் பக்கத்துல கீழ்ப்புறம். டயல் கேஜ்ல ஆட்டம் 0.08.

ப்ரீதர் குழாய்க்குள்ள குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருக்கு, முக்கால்வாசி அடைப்பு. உள்ள இருக்க தகடு வால்வும் ஒரு ஓரம் மடங்கிக் கெடக்கு. சீல் ஸ்பிரிங் யாரும் தொட்ட மாதிரி இல்ல, ஆனா லிப் ரப்பர் கட்டையாட்டம் இறுகிப் போச்சு.

பேட்டை_கடைசல்

கசிவுக்குப் பாதிக் காரணம் அந்தக் குளவிக் கூடுதான். ஒத்தை சிலிண்டர்ல பிஸ்டன் கிராங்க் பக்கம் வரும்போது கேஸுக்குள்ள இருக்க காத்து நெருக்கப்படுது, அங்கிட்டுப் போகும்போது இளகுது. தகடு வால்வு வெளிய போற காத்த மட்டும் விட்டு, திரும்ப வாரத மறிக்கணும். அப்பத்தான் கேஸுக்குள்ள லேசான வெற்றிடம் நின்னு ஆயில உள்ள பிடிச்சு வைக்கும். தகடு மடங்கினாலோ குழாய் அடைச்சாலோ ஒவ்வொரு சுத்துக்கும் சீல் மேல ஒரு அடி விழும். தகட நிமித்திப் போட்டு வேலைக்கு ஆகாது, அதே கனத்துல புதுசு போடுங்க. குழாய் வாயில மெல்லிய பித்தளை வலை கட்டினா குளவி ஏறாது. துணி கட்டிறாதீங்க, ஆயில் ஊறி அதுவே அடைப்பாகும்.

0.08 ஆட்டம் கவலப்பட வேண்டியதில்ல, 45 மி.மீ. புஷ்ஷுக்கு அது நல்ல அளவுதான். 0.2 பக்கம் வந்திருந்தா புஷ் மாத்தாம சீலப் பத்திப் பேசியே பிரயோஜனம் இருந்திருக்காது.

பள்ளத்தோட ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.09 கிட்ட வருது. பாலிஷ் போட்டு எடுக்க முடியாத ஆழம், சும்மா விடவும் கூடாது. ஆனா உங்களுக்கு யோகம்: 11.5 ஆழக் குழியில 8 மி.மீ. சீல், பின்னால 3.5 காலி. 2 மி.மீ. உள்ள தள்ளினா லிப் புது இடத்துக்குப் போயிரும், திண்டுக்கு 1.5 மிச்சம் இருக்கும், ஆயில் ஓட்டையும் மறையாது. முழுக்கத் தள்ளித் திண்டுல முட்ட வச்சுறாதீங்க. ஓட்டை மூடிக்கிட்டா லிப்புக்குப் பின்னால ஆயில் தேங்கி அழுத்தும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. புது சீல வாங்கினதும் மெயின் லிப்புக்கும் தூசி லிப்புக்கும் இடைவெளி எவ்வளவுன்னு அளங்க. நீங்க உள்ள தள்ளுற அளவும் அந்த இடைவெளியும் ஒண்ணா இருந்தா, தூசி லிப் சரியா பழைய பள்ளத்துல போய் உக்காரும். ஆயில் கசியாது, ஆனா மண்ணு உள்ள போக வழி விட்ட கணக்கு. அப்படி வந்தா 2க்குப் பதிலா 1.5 தள்ளுங்க. கோட்டு அகலத்துல பாதி 0.6தான், 1.5 நகந்தாலே மெயின் லிப் பள்ளத்த விட்டு வெலகிரும்.

பழைய சீல் இன்னும் குழியில இருந்தா ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பாதீங்க, ஒரு கீறல் போதும் இத்தனை வேலையும் வீணாக. சீலோட தகட்டுல 2.5 மி.மீ. ஓட்டை எதிரெதிரா ரெண்டு போட்டு, மரையாணி முறுக்கி, ப்ளையர்ல மாத்தி மாத்தி இழுங்க. டிரில் நுனியில கிரீஸ் தடவினா தூள் உள்ள விழாது.

சீல் எடுத்த பொறவு, ஷாஃப்ட்டுக்கும் குழிக்கும் நடுவுல 8.5 மி.மீ. சந்து கிடைக்கும். கிரீஸ் தடவின துணிய உள்பக்கம் சுத்திவரச் செருகுங்க, எமரித் தூள் மெயின் புஷ்ஷுக்குப் போகக் கூடாது. எத்தனை துண்டு செருகினீங்கன்னு எண்ணி வைங்க. டீசல் வார திருகு குழாய மூடி, டீகம்ப்ரஷன் லிவரத் (சிலிண்டர் அழுத்தத்த விடுற லிவர்) தூக்கி, ஒருத்தர் ஹேண்டில்ல சுத்தணும். இன்னொருத்தர் சின்ன மரக்குச்சி நுனியில 400 எமரிய ஆயில்ல நனைச்சு மடிச்சு, லிப் புதுசா உக்காரப் போற இடத்துல அமுக்கிப் பிடிக்கணும். பிடிச்ச இடத்துலயே நிக்கணும், முன்ன பின்ன அலைய விடக் கூடாது. அலைஞ்சா மரை மாதிரி சாய்ஞ்ச கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷாஃப்ட் சுத்தும்போது ஆயில அதுவே வெளிய எறைச்சு விடும். புது சீல் போட்டும் கசியிது, காரணம் தெரியலன்னு சொல்ற பல வண்டியில இதுதான் கோளாறு. கடைசியா 600ல கொஞ்சம். கறையும் துருவும் போனாப் போதும், இரும்பக் கரைக்க வேண்டாம். பழைய பள்ளத்தோட ரெண்டு விளிம்பையும் தடவி மழுக்கி விட்டுருங்க, புது சீல் ஏறும்போது லிப்ப அறுக்காம இருக்கும்.

சீல் நைட்ரைல் ரப்பர்னா 100 டிகிரிதான் தாங்கும். உங்க லிப் கட்டையானது சூட்டுனாலதான். விட்டான் ரப்பர்னு கேளுங்க, 200 டிகிரி வரை நிக்கும், விலை கூடினாலும் இந்த இடத்துல அந்தக் காசு வீண் போகாது. சீல் மேல அம்புக்குறி இருந்தா ஷாஃப்ட் சுத்துற திசையோட ஒத்துப் போகணும். அது ஒரு திசைக்கு மட்டும் வரி போட்ட லிப், மாறிப் போச்சுன்னா ஆயில வெளிய தள்ளும்.

2 மி.மீ. மட்டும், அதுவும் கோணாம உள்ள தள்ள ஒரு எளிய கருவி செய்யலாம். லேத்துல நைலான் இல்ல அலுமினியத் துண்டுல, 61.5 விட்டத்துக்கு 2 மி.மீ. உயரத்துல ஒரு படி, அதுக்கு மேல 75 விட்டத்துக்கு விளிம்பு, நடுவுல 46 ஓட்டை. விளிம்பு வெளி முகத்துல முட்டுனதும் சீல் அளவா 2 உள்ள போயிருக்கும். சுத்திவர மாத்தி மாத்தித் தட்டுங்க. போட்ட பொறவு நாலு இடத்துல ஆழம் அளந்தா வித்தியாசம் 0.2க்குள்ள நிக்கணும். சாவி வெட்டின காடியோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாளச் சுருட்டி ஷாஃப்ட்ல வச்சு, ஆயில் தடவி, அது மேல சீல வழுக்கி ஏத்துங்க. ஸ்பிரிங் இருக்க பக்கம் ஆயிலப் பாத்து. வெளிச்சுத்து ரப்பரா இருந்தா சிலிக்கான் பசை தேவையே இல்ல.

திசையன்விளை_தேரி

ஃப்ளைவீல் திரும்ப ஏத்துறதுக்கு முன்னால ஷாஃப்ட் நுனியில இருக்க டேப்பரையும் (கூம்பு) ஃப்ளைவீலோட உள் ஓட்டையையும் பெட்ரோல்ல தொடச்சு ஈரமில்லாம மாட்டுங்க, அங்க ஆயில் தடவக் கூடாது. அடுத்த தடவை கழட்டும்போதும் நட்ட முழுசா எடுக்காம ரெண்டு மரை விட்டு வச்சுட்டு புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) போடணும். டேப்பர் விட்டதும் அந்த எடை காலுல விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

முக்கூடல்_ஆயில்இன்ஜின்

நகத்த இடம் இல்லாத இன்ஜினுக்கு ஸ்லீவ் எப்படிப் போடணும்னும் எழுதுங்க அண்ணாச்சி. எங்க பம்பு செட் இன்ஜின்ல குழி ஆழமும் சீல் அகலமும் ஒண்ணு.

பேட்டை_கடைசல்

எஸ்.கே.எஃப். ஸ்பீடி ஸ்லீவ்னு பேரிங் கடையில கேட்டா தருவாங்க, இல்லன்னா வரவழைச்சுக் கொடுப்பாங்க. கால் மி.மீ. கனத்துல துருப்பிடிக்காத உருக்குத் தகடு. அவ்வளவு மெல்லிசுங்கிறதால பழைய அளவு சீலே சேரும். தேயாத இடத்துல மூணு திசையில அளந்து, சராசரிய எழுதிக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு ஸ்லீவுக்கும் எந்த அளவுல இருந்து எந்த அளவு வரை பொருந்தும்னு அட்டவணையில இருக்கும். "45 ஷாஃப்ட்"னு மொட்டையாச் சொன்னா தளர்வா ஒண்ணு கையில வந்து சேரும்.

ஸ்லீவோட விளிம்புப் பக்கம் முதல்ல ஷாஃப்ட்ல ஏறணும். கூட வார கிண்ணத்த மேல கவுத்து, கிண்ணத்தோட நடுவுல தட்டணும். ஸ்லீவ் மேல நேரா சுத்தி பட்டா தகடு நெளிஞ்சுரும், நெளிஞ்சா திரும்ப எடுக்க வராது. பள்ளம் ஆழமா இருந்தா இரும்புத்தூள் எபாக்ஸிய நெரப்பி, அது இறுகுறதுக்கு முன்னாலயே ஸ்லீவ ஏத்தி, பிதுங்குறதத் தொடச்சு எடுக்கணும். விளிம்பு இடிக்கும்னா மட்டும் முன்கூட்டியே ஒரு இடத்துல அத நறுக்கி விட்டு, ஏத்தின பொறவு மூக்கு ப்ளையரால சுருட்டிப் பிய்க்கணும். ஸ்லீவ் முகத்துல எமரி படவே கூடாது.

பம்பு ஷாஃப்ட், கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட் மாதிரி பாரம் குறைஞ்ச இடத்துக்கு இன்னொரு மலிவான வழி: நீடில் பேரிங்கோட உள்வளையம் தனியா விக்குது. 40-45-20 வளையம்னா உள் 40, வெளி 45, அகலம் 20. முழுக்க இறுகப் பதம் பண்ணி கிரைண்ட் பண்ணது, எந்த லேத்துலயும் கடையிற புஷ்ஷ விடப் பல மடங்கு உழைக்கும். ஷாஃப்ட்ட 40.002க்கும் 40.018க்கும் நடுவுல முடிச்சு, வளையத்த 100 டிகிரிக்குச் சூடாக்கி ஏத்தலாம். வளையத்துக்கு அடி வழியா ஆயில் ஊறாம இருக்க, ஏத்துறதுக்கு முன்னால ஷாஃப்ட்ல பேரிங் பூட்டுற திரவப் பசை ஒரு சொட்டு தடவினாப் போதும். ஆனா 45ஐ 40 ஆக்கினா பலம் 30 சதவீதம் போகும், அதனால இன்ஜின் கிராங்குல இத முயற்சி பண்ணவே கூடாது.

லேத்துல முடிச்ச ஷாஃப்ட்ல சாய்ஞ்ச கீறல் இருக்கான்னு பாக்க நூல் சோதனை இருக்கு. ஷாஃப்ட் மட்டமா இருக்கணும். மேல லேசா ஆயில் தடவி, மெல்லிய தையல் நூல ஷாஃப்ட்ல மாட்டி, நுனியில 30 கிராம் எடை தொங்க விட்டு, நிமிசத்துக்கு 60 சுத்துல ஓட விடுங்க. நூல் நின்ன இடத்துலயே நின்னா முகம் சுத்தம். ஒரு பக்கமா நகந்தா சுத்துற திசைய மாத்தி ஓட்டுங்க. எதிர்ப்பக்கம் நகந்தா மரைக் கீறல் இருக்கு, திரும்ப பாலிஷ் போடணும். திசை மாத்தியும் ஒரே பக்கம் போனா ஷாஃப்ட் மட்டமில்ல, இல்ல டேப்பர் விழுந்திருக்கு. பட்டறையில இருந்து எடுத்துட்டு வாரதுக்கு முன்னால அங்கயே இதச் செஞ்சு காட்டச் சொல்லுங்க.

கன்னடியன்கால்

விட்டான் சீல் வாங்கிட்டேன், ரெண்டு லிப்புக்கும் இடைவெளி 3.5 இருக்கு. அப்போ 2 தள்ளினா தூசி லிப் பள்ளத்துல விழாது, அப்படித்தானே? ஆயில் ஊறின பெல்ட்ட என்ன செய்ய?

பேட்டை_கடைசல்

சரிதான் தம்பி. தூசி லிப் பள்ளத்தோட நடுவுல இருந்து 1.5 தள்ளி உக்காரும், பள்ளத்தோட ஓரம் 0.6ல முடிஞ்சுருது. 2 மி.மீ.யே தள்ளுங்க.

பெல்ட்ட டீசல்லயோ பெட்ரோல்லயோ கழுவாதீங்க, ரப்பர் உப்பிரும். சோப்புத் தண்ணியில தேச்சுக் கழுவி நிழல்ல காய வைங்க. புல்லிக் காடியையும் சுத்தமாத் தொடைக்கணும், அங்க ஆயில் நின்னா கழுவின பெல்ட் திரும்ப நனையும். பக்கவாட்டுல பளபளன்னு மெருகேறியிருந்தாலோ அமுக்கினா பிசுபிசுத்தாலோ மாத்தத்தான் வேணும். மாத்துனா எல்லாத்தையும் ஒண்ணா ஒரே செட்டா மாத்துங்க, ஒண்ண மட்டும் புதுசு போட்டா மொத்த இழுவையும் அது தலையில விழும். டென்ஷன் அதிகமா வச்சுறாதீங்க, அந்த இழுவை ஃப்ளைவீல் பக்கத்து மெயின் புஷ்ஷ ஒரு பக்கமாத் தேய்க்கும்.

முதல் ஒரு மணி நேரம் லோடு இல்லாம ஓட்டி, ஆயில் ஊத்துற மூடியத் திறந்து அந்த வாயில மெல்லிய பாலிதீன் தாள ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பாருங்க. தாள் உள்பக்கம் லேசாக் குழிஞ்சு நின்னா ப்ரீதர் வேலை செய்யுது. பலூன் மாதிரி உப்பினா சீலத் திரும்பக் கழட்டாதீங்க, தகடு வால்வு உக்கார்ந்திருக்க விதத்தப் பாருங்க. வால்வும் குழாயும் சரியா இருந்தும் உப்பிக்கிட்டே இருந்தா பிஸ்டன் ரிங் வழியா காத்து எறங்குதுன்னு அர்த்தம்.

கன்னடியன்கால்

தாள் உள்பக்கம் குழிஞ்சுதான் நிக்குது அண்ணாச்சி. சீல் ஓரம் இதுவரை காஞ்சு கெடக்கு. ஒரு பெல்ட் பிசுபிசுத்துட்டு, அதனால செட்டாவே வாங்கிட்டேன்.

பேட்டை_கடைசல்

நல்லது. முதல் சேத்துழவு முடிஞ்சதும் ஃப்ளைவீலுக்குப் பின்னால மண்ணு அப்பியிருந்தா அன்னைக்கே கழுவி விடுங்க. தண்ணிய வேகமா பீச்சி சீலப் பாத்து அடிக்க வேண்டாம், வாளித் தண்ணியும் பிரஷும் போதும்.